கையால் கட்டிய ஜிக்கை எந்தச் சுற்றுவரை அவிழ்ப்பது?

ஜிக் என்பது உலோகத் தலை வார்த்த தூண்டில் முள்; அதில் முடியோ இறகோ கட்டி மீனுக்கான போலி இரையாக்குவோம். மான்வால் முடி கட்டிய ஜிக்கில் ஒரு குறை கண்ணில் படும் இடமும் அது உண்டான இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. முடிக்கற்றை முள்ளின் தண்டைச் சுற்றி நழுவுவது, கட்டி முடித்து இழுத்துப் பார்க்கும்போதுதான் தெரியவருகிறது. ஆனால் அதற்கான காரணமோ, முதல் கற்றையை வைப்பதற்கு முன்பே, வெறும் தண்டின்மேல் நூல் எப்படிச் சுற்றப்பட்டது என்பதில் இருக்கிறது. இது புரியாமல், குறை தெரிந்த இடத்திலேயே நாலைந்து சுற்றுகளைக் கூடுதலாகப் போட்டு, அதன்மேல் ஒரு சொட்டுப் பசையையும் விட்டு ஒப்பேற்றுபவர்கள்தாம் அதிகம். அப்படி ஒப்பேற்றிய ஜிக் பெட்டிக்குள் இருக்கும்வரை அழகாகவே இருக்கும். பாறைமேல் இரண்டு முறை மோதிய பிறகுதான் அதன் உண்மை நிலை தெரியும்.

நான் வசிப்பது ஒன்டாரியோவில். சிம்கோ ஏரி உறைந்து கிடக்கும் மாதங்களில், பனிக்கட்டியில் துளையிட்டு மீன்பிடிக்கப் போகிறவர்கள் ஒருபுறம் போக, என்னைப் போன்றவர்கள் மேசையோரத்தில், முள்ளைக் கவ்விப் பிடிக்கும் கருவியான வைஸைப் பூட்டிக்கொண்டு அடுத்த பருவத்துக்கான ஜிக்குகளைக் கட்டிக்கொண்டிருப்போம். ஸ்மால்மவுத் பாஸ் மீனுக்காகக் கட்டும் ஜிக்குகளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்: மூன்றரை கிராம் முதல் பத்து கிராம் வரை எடையுள்ள உருண்டைத் தலை, வெண்வால் மானின் வால்முடி, 210 டெனியர் நைலான் நூல். நூலின் 9,000 மீட்டர் நீளம் எத்தனை கிராம் எடை இருக்கிறதோ அதுவே அதன் டெனியர். எண் குறையக் குறைய நூல் மெலியும், அறுபடும் அபாயமும் கூடும். புதிதாகக் கட்டத் தொடங்குபவர்கள் மெல்லிய நூலில்தான் நேர்த்தி வரும் என்று எண்ணி 70 டெனியரை எடுத்துக்கொள்கிறார்கள். மான்முடியை இறுக்கிப் பிடிக்க வேண்டிய வேலைக்கு அது போதாது.

அடித்தளத்திலிருந்து தொடங்குகிறேன். ஈயத் தலைக்குப் பின்னால் தண்டைச் சுற்றி ஈயத்தாலேயே ஒரு கழுத்துப் பகுதி இருக்கும். முடி கட்டப்படுவது அதன்மேல்தான். வார்த்தெடுத்த ஈயமும் வழவழப்பானது, அதற்குப் பின்னால் வரும் முள்ளின் தண்டும் வழவழப்பானது. முடி வைப்பதற்கு முன் நூலை நெருக்கமாக ஒரு முறை முன்னும் ஒரு முறை பின்னும் சுற்றியதும், கட்டைவிரல் நகத்தால் அந்த நூற்படுகையைப் பக்கவாட்டில் அழுத்தித் தள்ளிப் பார்க்க வேண்டும். மொத்தமும் ஒரு குழாயைப் போலத் தண்டைச் சுற்றித் திரும்பினால் அங்கேயே நிறுத்திவிடலாம். அந்தக் கட்டத்தில் அவிழ்த்து, தண்டில் நீர்த்த சூப்பர் க்ளூவை ஊசிமுனையால் தடவி, மறுபடியும் இறுக்கிச் சுற்றுவதற்கு அரை நிமிடம் போதும். ஆறு கற்றை முடி ஏறிய பிறகு அதே குறையைக் கண்டுபிடித்தால் அத்தனையையும் இழக்க வேண்டியதுதான்.

கட்டி முடித்த ஜிக் எந்த வகையில் கெட்டிருக்கிறது என்று அறிய, ஒரு கையால் ஈயத் தலையையும் மறு கையின் மூன்று விரல்களால் முடி முழுவதையும் பிடித்து மெதுவாகத் திருகிப் பார்ப்பேன். முடியோடு நூற்கட்டும் சேர்ந்து திரும்பினால் அடித்தளம் பிடிக்கவில்லை என்று பொருள். அதற்கு மேலே பூசும் எந்தப் பசையும் மருந்தாகாது. பிரித்துக் கட்ட வேண்டும். நூற்கட்டு அசையாமல் முடி மட்டும் அதற்குள் அசைந்தால் அடித்தளம் சரி, கற்றைதான் பருமனாகிவிட்டது, அல்லது இழுவிசை போதவில்லை. இந்த இரண்டாவது வகையைச் சில வேளைகளில் காப்பாற்றலாம். ஜிக்கின் தலை கீழே இருக்கும்படி பிடித்துக்கொண்டு, ஈயத்தை ஒட்டிய நூற்சுற்றுகளில் மட்டும், ஊசிமுனையில் எடுத்த சூப்பர் க்ளூவைத் தொட்டு வைத்தால், அது முடியின் வெட்டுமுனைகளுக்குள் ஊறிப் பிடித்துக்கொள்ளும். பசைப்புட்டியையே நேராகக் கவிழ்த்தால் அது முடியின் நீளத்துக்கும் ஏறி, வால் விறைத்த துடைப்பமாகிவிடும்.

முடி ஒவ்வொன்றாக உதிர்வது வேறு கதை. மான்வாலிலிருந்து ஒரு கற்றையை வெட்டியெடுத்து நுனியைப் பிடித்துக்கொண்டு அடிப்பக்கத்தைக் கூர்ந்து பார்த்தால், நீளமான முடிகளுக்கு நடுவே குட்டையான முடிகளும் பஞ்சு போன்ற மயிரும் சிக்கிக் கிடப்பது தெரியும். அவற்றை நீக்காமல் கட்டினால், நூல் இறுக்குவது பஞ்சைத்தான். நீள முடிகள் அந்தப் பஞ்சுக்குள் தளர்வாக நிற்கும். நுனியை இறுகப் பிடித்து அடிப்பக்கத்தைப் பழைய பல்துலக்கியாலோ நுண்சீப்பாலோ இரண்டு மூன்று முறை வாரினால் அவை கழன்றுவிடும். கட்டிய பிறகு இந்தக் குறைக்குத் தீர்வு கிடையாது. ஓரிரு முடிகள் உதிர்வதை நான் பொருட்படுத்துவதில்லை. ஒவ்வோர் இழுப்புக்கும் பத்து முடிகள் கையோடு வந்தால்தான் பிரிப்பேன்.

வலது கைப் பழக்கமுள்ளவர்களின் ஜிக்குகளில், முடி முழுவதும் தண்டின் மறுபக்கத்தில் குவிந்திருப்பதை அடிக்கடி காணலாம். நூல் தண்டின் மேலே ஏறி நம்மைவிட்டு விலகி மறுபக்கமாக இறங்குகிறது. இறுக்கும்போது அது முடியையும் தன்னோடு இழுத்துச் செல்கிறது. கையின் வலிமையால் இதைத் தடுக்க முயன்றால் தோல்விதான். கற்றையை நடுவில் வைக்காமல், சற்று நம் பக்கமாகச் சாய்த்து வைத்து, முதல் இரண்டு சுற்றுகளையும் தளர்வாகப் போட்டு, மூன்றாவதில் நூலை மேல்நோக்கி இழுத்தால், நூலே கற்றையை உச்சிக்குக் கொண்டுபோய் வைத்துவிடும். ஏற்கெனவே நகர்ந்துவிட்ட கற்றையைச் சரிசெய்ய, நூலுருளையைத் தாங்கும் குழாய்ப்பிடியான பாபினை எதிர்த்திசையில் சுழற்றி மூன்று நான்கு சுற்றுகளை அவிழ்த்தால் போதும். அவிழ்க்கும்போது இடக்கை விரல்கள் கற்றையைவிட்டு எடுபடக் கூடாது, நூலின் இழுவிசையும் முற்றிலும் தளரக் கூடாது. முழுக்கத் தளர்ந்தால் மான்முடி உடனே நிமிர்ந்து, அவிழ்க்க எண்ணாத சுற்றுகளையும் நெகிழ்த்திவிடும்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். வைஸில் பூட்டியிருக்கும்போது முள்முனை கீழே இருக்கிறது. தண்ணீரில் அந்த ஜிக் தலைகீழாக, முள்முனை மேலே நிற்கத்தான் நீந்தும். ஆகவே வைஸில் நம் கண்ணுக்கு நேர்த்தியாகத் தெரியும் உச்சிப்பக்கம், தண்ணீரில் வயிற்றுப்பக்கம். முதுகுக்குக் கரும்பழுப்பும் வயிற்றுக்கு வெள்ளையும் வைத்துக் கட்டுபவர்கள் இதை மறந்துவிட்டால் மீன் மல்லாந்து நீந்தும். அப்படியும் பாஸ் அதைக் கவ்வத்தான் செய்கிறது; அதற்காக யாரும் பிரித்துக் கட்ட வேண்டியதில்லை.

மான்வாலின் எல்லாப் பகுதி முடியும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. வாலின் அடிப்பகுதியில் உள்ள முடி பருமனானது, உள்ளீடற்றது. நூல் இறுகியதும் நசுங்கி, குடை விரிவதைப் போல் நாலாபக்கமும் விரிந்து நிற்கும். நுனியை நோக்கிப் போகப் போக முடி மெலிந்து, இறுக்கினாலும் அடங்கிப் படுக்கும். விரிந்துபோன ஜிக்கைக் காட்டி, நூலைத் தளர்வாகச் சுற்றியிருக்க வேண்டுமோ என்று கேட்பவர்கள் உண்டு. தளர்வாகச் சுற்றினால் விரிவு குறையும் என்பது உண்மைதான், முடியும் கழன்றுவிடும் என்பது அதைவிட உண்மை. ஈயத்தை ஒட்டிய சுற்றுகளை நூல் அறுபடும் எல்லைவரை இறுக்கிவிட்டு, முள்வளைவை நோக்கிச் செல்லும் கடைசி இரண்டு மூன்று சுற்றுகளை மட்டும் மென்மையாகப் போடுவதுதான் வழி. விரிந்துவிட்டதைத் திருத்த, முடியை நனைத்து விரல்களால் பின்னுக்கு வாரிப் பிடித்துக்கொண்டு, நூலை விரிவின்மேல் இரண்டு சுற்று பின்னோக்கிக் கொண்டுபோய் மறுபடியும் முன்னுக்குக் கொண்டுவரலாம். பாதி அடங்கும். அதற்குமேல் வேண்டுமென்றால் வேறு முடிதான். மெதுவாக இறங்க வேண்டிய ஜிக்குக்கு விரிந்த முடி நல்லது என்பதையும் மறந்துவிடலாகாது. தண்ணீர் குளிர்ந்துபோன இலையுதிர்காலக் கடைசியில், அடித்தரைக்குச் சற்று மேலே மிதப்பதுபோல் நிற்கும் ஜிக்கைத்தான் ஸ்மால்மவுத் விரும்புகிறது.

எல்லாப் பிழைகளிலும் பரவலானது முடியை அளவுக்கு மீறி வைப்பது. உலர்ந்த நிலையில் ஒல்லியாகத் தெரியும் ஜிக்தான் தண்ணீரில் உயிருள்ளதாக அசையும். உலர்ந்திருக்கும்போதே கொழுகொழுவென்று நிற்பது தண்ணீரில் ஒரே கட்டையாக வரும். கற்றை ஒவ்வொன்றும் தீக்குச்சிப் பருமனைத் தாண்டக் கூடாது என்பது என் கணக்கு. மீறிக் கட்டிவிட்டால் கத்தரிக்கோலை எடுத்து வாலைக் குறுக்கே வெட்டிவிடுவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது. அதுதான் இருப்பதிலேயே மோசமான தீர்வு. மான்முடியின் நுனி இயல்பாகவே கூர்ந்து முடிகிறது. அந்தக் கூர்மைதான் வாலுக்கு அசைவைத் தருகிறது. குறுக்கே வெட்டினால் வால் பெயின்ட் பிரஷ்ஷாகிவிடும். அதற்குப் பதிலாகக் கத்தரிக்கோலின் நுனியைக் கற்றையின் அடிக்குள் செலுத்தி, நூற்கட்டுக்கு மிக அருகில், இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில முடிகளை முழுதாக வெட்டியெடுத்தால், பருமன் குறையும், நுனியும் கெடாது. நீளம்தான் சிக்கல் என்றால் கத்தரிக்கோலை முடிக்கு இணையாக, நுனியை நோக்கிப் பிடித்து, மேலிருந்து சிறு சிறு வெட்டாக வெட்டிக் குறைக்கலாம்.

மரபூ இறகில் கட்டிய ஜிக்குக்குக் கத்தரிக்கோலே ஆகாது. இந்த இறகு ஒரு காலத்தில் மரபூ நாரையிலிருந்து எடுக்கப்பட்டது; இன்று கடையில் அந்தப் பெயரில் கிடைப்பது வான்கோழியின் மென்னிறகு. வால் நீண்டுவிட்டால் மீன் நுனியை மட்டும் கவ்விவிட்டு முள்ளைத் தொடாமல் தப்பிவிடும். இறகை நனைத்து ஒரு கற்றையாக்கி, வேண்டிய இடத்தில் கட்டைவிரல் நகத்துக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கிள்ளி எடுத்தால், முனை வெட்டுப்பட்டதுபோல் தெரியாது. ஈரமில்லாமல் மரபூவைக் கையாள்பவர்களின் மேசையைச் சுற்றி அடுத்த வாரம்வரை இறகுத்தூவி பறந்துகொண்டிருக்கும்.

ஈயத்துக்குப் பின்னால் மேடு தட்டிப்போவது அடுத்தது. முடியின் வெட்டுமுனைகளை ஒரே இடத்தில் நேராக வெட்டினால் அங்கே ஒரு படி உண்டாகி, நூல் அதன்மேல் ஏறாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். வெட்டுமுனைகளைச் சாய்வாக வெட்டிவிட்டுக் கட்டினால் சரிவு தானாகவே அமையும். உண்டாகிவிட்ட படியை, பள்ளத்தில் நூலை நிரப்பி மட்டமாக்கலாம். ஜிக்கின் எடை இதனால் மாறிவிடாது. சில தலைகளில், ரப்பர்ப் புழுவைப் பிடித்து வைப்பதற்காகக் கழுத்தில் ஈயத்தாலேயே ஒரு கூர்மேடு வார்த்திருப்பார்கள். அதன்மேல் முடி கட்டுவது வீண் வேலை. கட்டும் முன்பே அந்த மேட்டைக் கட்டிங் பிளையரால் கிள்ளியெடுத்து, அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்துவிட வேண்டும். ஈயத்தூளை வாயால் ஊதக் கூடாது, ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் கையைக் கழுவாமல் எதையும் தின்னவும் கூடாது.

நடுவில் நூல் அறுந்துவிட்டால் பலரும் அந்த ஜிக்கையே கைவிட்டுவிடுகிறார்கள். தேவையில்லை. அறுந்த முனை சுற்றிக்கொண்டு கழல்வதற்குள் அதை ஒரு துணிமாட்டுக் கிளிப்பால் கவ்வித் தொங்கவிட வேண்டும். கிளிப்பின் எடையே இழுவிசையைக் காத்துக்கொள்ளும். பிறகு பாபினிலிருந்து புது நூலை எடுத்து, அறுந்த முனையின்மேலேயே ஆறேழு சுற்றுகள் நெருக்கமாகச் சுற்றி, இரண்டு முனைகளையும் வெட்டிவிட்டுத் தொடரலாம். ஆனால் அதே இரவில் இரண்டாவது முறை அறுந்தால், கையைக் குறை சொல்வதற்கு முன் பாபினின் குழாய் விளிம்பைப் பார்க்க வேண்டும். நூல் அறுவதற்குச் சற்று முன்பு பஞ்சுபோலப் பிரிந்து நின்றதா என்று கவனித்தால் விடை கிடைத்துவிடும்: விளிம்பில் பிசிறு இருக்கிறது. பாபின் சரியாக இருந்தால் நூல் உரசிய இடம் முள்முனையாக இருக்கும். வைஸில் பூட்டும்போது முள்முனையைத் தாடைகளுக்குள் மறைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

பூச்சில் நேரும் பிழைகள் வரிசை மாறுவதால் வருபவை. பவுடர் பெயின்ட் என்னும் தூள்வண்ணத்தில் தோய்த்தெடுத்த தலையை ஏறத்தாழ 177 டிகிரி செல்சியஸில் பதினைந்து முதல் இருபது நிமிடம் சூடாக்கி எடுத்தால்தான் அது கெட்டிப்படும். முடி கட்டிய பிறகு அடுப்பில் வைக்க முடியாது. ஆகவே சூடாக்காமல் விட்டது பாறையில் பட்டுச் சில்லுச் சில்லாகப் பெயர்ந்தால், முடியைப் பிரித்துவிட்டுத் தலையை அடுப்பில் வைப்பதைத் தவிர வழியில்லை. தலையின் காதில், அதாவது தூண்டில் நரம்பைக் கட்டும் வளையத்தில், பெயின்ட் அடைத்துக்கொள்வது சிறு தொல்லை. சூடாக்குவதற்கு முன்பே பழைய முள்முனையால் குத்தித் திறந்துவிட்டால் தூளாக உதிர்ந்துவிடும். கெட்டிப்பட்ட பிறகு திறந்தால் விளிம்பில் கூரான பெயின்ட் பிசிறு நின்று, தூண்டில் நரம்பை உரசும். நூற்கட்டின்மேல் நெயில் பாலிஷ் பூசுகிறவர்கள், அது முடிக்குள் ஏறிவிட்டால் அசிட்டோனில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுக்கலாம். எபாக்ஸிப் பசை ஏறிக் கெட்டிப்பட்டுவிட்டால் அதை அப்படி எளிதாகத் துடைத்தெடுக்க முடியாது. கடைசி முடிச்சைப் பொறுத்தவரை, அரைமுடிச்சுகளை அடுக்குவதைவிட, நூலின் முனை தன் சுற்றுகளுக்கு அடியிலேயே புதைந்துபோகும் விப் ஃபினிஷ்தான் நிலைக்கும். ஐந்து சுற்றுகளாக இரண்டு முறை போட்டுவிட்டால் பசை இல்லாமலும் தாங்கும்.

பிரிப்பதென்று முடிவெடுத்துவிட்டால் அவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. புதிய சவர பிளேடால், ஈயக் கழுத்தின் ஒரு பக்கத்தில், தலையிலிருந்து முள்வளைவை நோக்கி நூற்கட்டின் குறுக்கே ஒரே கீறலாகக் கீறினால், நூலும் முடியும் ஓர் உறைபோலப் பிளந்து கையோடு வந்துவிடும். கீறுவது எப்போதும் கையிலிருந்து வெளிப்பக்கமாக இருக்க வேண்டும், முள்முனை மறுபக்கம் இருக்க வேண்டும். எஞ்சியிருக்கும் பழைய பசையைச் சுரண்டிவிட்டு, முள்முனையை நகத்தின்மேல் சாய்த்து இழுத்துப் பார்க்க வேண்டும். நகத்தில் கவ்வினால் முள் இன்னும் கூராக இருக்கிறது. வழுக்கினால் தீட்ட வேண்டும், அல்லது அந்தத் தலைக்கு இனி முடி செலவழிக்கக் கூடாது.

பிரித்துக் கட்டுவதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணம், ஈயத்துக்குப் பதிலாக வேறு உலோகத் தலைகள் பரவி வருவது. கனடாவின் தேசியப் பூங்காக்களிலும் தேசிய வனவிலங்குப் பகுதிகளிலும் 50 கிராமுக்குக் குறைவான ஈய ஜிக்குகளுக்குத் தடை இருக்கிறது; அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஒரு அவுன்ஸும் அதற்குக் குறைவான எடையும் உள்ள ஈய ஜிக்குகள் 2016 முதல் தடைசெய்யப்பட்டுள்ளன. ஏரிகளில் முக்குளித்து வாழும் லூன் பறவைகள் இவற்றை விழுங்கி ஈய நஞ்சால் சாவதே காரணம். டங்ஸ்டன் தலை விலை கூடியது. அதைக் குப்பையில் போட யாருக்கும் மனம் வராது. பிஸ்மத் கலவைத் தலைகள் அதைவிட மலிவு, ஆனால் எளிதில் உடையும், வைஸில் தலையைக் கவ்வக் கூடாது, முள்ளைத்தான் கவ்வ வேண்டும். அதைவிட முக்கியமானது, ஈயம் 327 டிகிரியில்தான் உருகும்; வெள்ளீயமும் பிஸ்மத்தும் கலந்த சில கலவைகளோ 138 டிகிரியிலேயே உருகிவிடும். அப்படிப்பட்ட தலையைப் பவுடர் பெயின்ட்டுக்காக 177 டிகிரி அடுப்பில் தொங்கவிட்டால், திறந்து பார்க்கும்போது முள் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். தலை எந்த உலோகம் என்று தெரியாவிட்டால் சாதாரண பெயின்ட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கட்டிய ஜிக்கை மேசையில் வைத்து மதிப்பிடுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. உயரமான கண்ணாடிச் சாடியில் தண்ணீர் நிரப்பி, நரம்பில் கட்டி உள்ளே இறக்கி, முடி நன்றாக நனையும்வரை மேலும் கீழும் அசைத்துவிட்டுப் பார்ப்பேன். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்தில் முடி கூடிவிட்டது என்று அடியோடு நாலைந்து முடிகளை வெட்டிவிட்டு மறுபடியும் இறக்குவேன். சுழன்றுகொண்டே இறங்கினால் முள்ளின் தண்டு தலைக்குள் கோணலாக வார்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு முடியால் தீர்வில்லை. நுனிகள் ஒரே நீளத்தில் இல்லாதது, வெள்ளை முடிக்குள் ஓரிரு பழுப்பு முடி கலந்திருப்பது, சிவப்பு நூற்சுற்று ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருப்பது ஆகியவற்றை நான் தொடுவதேயில்லை. நுனிகளைச் சமமாக்குவதற்கென்றே கருவி விற்கிறார்கள். சமமாக்கிய வால் ஒரே இடத்தில் சட்டென்று முடிந்து, தண்ணீரில் அசைவு குறைகிறது. அந்தக் கருவிக்கான காசுக்கு இன்னொரு மான்வால் வாங்கிக்கொள்ளலாம்.